மூன்றாம் வருடப் பிள்ளைகள் இன்னும் ஓடுகிறார்களா?

வாசகர் கேள்வி – பதில்

பொங்கல் முடிந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பள்ளியில் ஓடிய பிள்ளை, கல்லூரியிலும் ஓட வேண்டும், எங்கே சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் கல்லூரியில் 1500 மீட்டர் ஓடியவள், அப்புறம் இருபத்தாறு வருடம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். 800 மீட்டர் 2:19, 1500 மீட்டர் 4:54. குடியரசு தினத் தடகளப் போட்டியில் மாநில அளவில் 800-ல் நான்காவது. சென்னையில் ஒரு கல்லூரி ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே இலவசம் என்கிறது. திருச்சியில் ஒரு கல்லூரி ஃபீஸ் மட்டும் வேண்டாம் என்கிறது. பி.டி. சார் என்ஜினீயரிங் ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலும் போடச் சொல்கிறார், எனக்கு பி.காம். படிக்கத்தான் ஆசை. அப்பா கொத்தனார் வேலை. சென்னை என்றாலே பயப்படுகிறார். எதில் சேரட்டும்?

பதில்: மகளே, மண் மைதானத்தில் ஓடிப் பழகி 2:19 என்பது நல்ல டைமிங். யாரிடமும் தயங்காமல் சொல். 800 மீட்டரில் இந்தியச் சாதனை டின்டு லூக்காவின் 1:59.17, 2010-ல் ஓடியது. அதற்கும் உனக்கும் இடையில் இருபது விநாடி. அது ஒரு சீசனில் குறைகிற விஷயமில்லை, ஆனால் மூன்று வருடம் அடிபடாமல், சரியான ஆளின் கண் முன்னால் ஓடினால் அதில் பாதி குறையும், பாதி குறைந்தாலே அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஃபைனலுக்கு நிற்கிற பெண் நீ. உன் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. ஆசியப் போட்டி வரை போய், பதக்கத்தைப் பறிகொடுத்து, அதற்குப் பிறகும் பயிற்சியாளராக மைதானத்துக்கே திரும்பி வந்த சாந்தி சௌந்தரராஜன் உங்கள் மண். 2016 தெற்காசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய சூர்யாவும், 2017 ஆசியத் தடகளத்தில் அதே இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணனும் அங்கிருந்து போனவர்கள்தான்.

என்ஜினீயரிங் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருப்பது உண்மை, உன் சார் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் நீ படிக்க விரும்புவது பி.காம். ஆசையில்லாத படிப்பில் நாலு வருடம், அதுவும் சாயங்காலம் வரைக்கும் லேப் இருக்கிற படிப்பில் உட்கார்ந்துகொண்டு 800 மீட்டருக்குப் பயிற்சி எடுப்பது பெரிய கஷ்டம். வேண்டாம்.

இனி சென்னையா திருச்சியா. எல்லாமே இலவசம் என்ற வார்த்தைக்கு உன் வீட்டில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் ஒன்று செய். இரண்டு கல்லூரிக்கும் அப்பாவோடு நேரில் போ. ஆபீஸுக்குப் போகும் முன்னால், காலை ஆறு மணிக்குக் கிரவுண்டுக்குப் போய் ஓரமாக நில். கையில் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் நிற்கிறாரா, அல்லது பிள்ளைகள் தாங்களாகவே சுற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று பார். அப்புறம் ஓடுகிற பெண்களிடம் போய் எந்த வருடம் என்று கேள். எல்லாரும் முதல் வருடம் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். மூன்றாம் வருடப் பிள்ளைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், முதல் வருடத்தில் ஓடியதைவிட அவர்கள் டைமிங் குறைந்திருந்தால், அது நல்ல இடம். நான் இருபத்தாறு வருடத்தில் கண்டுபிடித்த ஒரே நம்பகமான சோதனை இதுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே இரண்டு பெண்களை எல்லாம் இலவசம் என்று சொன்ன ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். முதல் வருட இன்டர் காலேஜ் மீட்டில் கல்லூரிக்குப் புள்ளி வேண்டும் என்று ஒரே நாளில் காலையில் 1500, மதியம் 800, மாலையில் 5000, முடிந்ததும் ரிலே. இரண்டு நாள் மீட், இரண்டு நாளும் இப்படி. கோப்பை வந்தது. இரண்டாம் வருடம் ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஓட முடியாதவளுக்கு எதற்கு இலவசம் என்று ஹாஸ்டல் பணம் கட்டச் சொன்னார்கள், அவள் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சேரும்போதே பி.டி. மேடத்திடம் நேராகக் கேள்: அடிபட்டால் சலுகை தொடருமா? தொடரும் என்றால் எழுதித் தரச் சொல். மீட்டுக்குப் போகும் நாளுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே வருகைப் பதிவு) கொடுப்பார்களா, இன்டர்னல் பரீட்சை தவறினால் மறுபடி வைப்பார்களா என்றும் கேள். பெண்கள் ஹாஸ்டலில் இன்னொரு விஷயம் இருக்கிறது, யாரும் சேரும் முன்னால் யோசிக்க மாட்டார்கள்: காலையில் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்? ஆறரைக்குத்தான் வார்டன் சாவி தருவார் என்றால் உன் காலைப் பயிற்சி போச்சு. மெஸ்ஸில் பயிற்சி முடிந்து வரும் நேரத்துக்கு ஏதாவது இருக்குமா, முட்டை உண்டா என்பதையும் உள்ளே இருக்கிற பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்.

அப்பாவின் பயத்தைத் தப்பாக நினைக்காதே. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைத் தெரியுமல்லவா, சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து பாட்டி வளர்த்த பெண், வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தவள். பயிற்சியாளர் கண்ணன் அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார், லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைத்தது, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு ரிலே ஓடினாள். அந்தப் பாட்டி நம்பியது அந்த மனிதரை. உன் அப்பாவும் அங்கே பயிற்சி கொடுக்கிறவரை நேரில் பார்த்துப் பேசட்டும், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

என் அபிப்பிராயம் கேட்டால், கிரவுண்டு சோதனையில் இரண்டும் தேறினால் திருச்சி. ஒன்றரை மணி நேரத்தில் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அண்ணா விளையாட்டரங்கத்தில் சிந்தெடிக் டிராக் இருக்கிறது. ஹாஸ்டல் செலவுக்கு ஒரு வழி உண்டு: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் நடத்தும் அரசுக் கல்லூரி மாணவியர் விடுதிகளில் வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தங்குவதும் சாப்பாடும் இலவசம். விண்ணப்பிக்க வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வேண்டும், இப்போதே எடுத்து வை. அரசு கலைக் கல்லூரிகளையும் மறக்காதே. அங்கே விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்குத்தான் முதலில் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வு அதற்கு அப்புறம். தேதியைத் தவறவிட்டால் போச்சு.

மார்ச்சில் பரீட்சை, கல்லூரி செலக்‌ஷன் ஏப்ரல் மே வெயிலில். பரீட்சை மாதத்தில் ஓட்டத்தை முழுசாக நிறுத்திவிட்டு மே மாதம் திடீரென்று ஸ்பைக் ஷூ போடுகிற பிள்ளைகள்தான் செலக்‌ஷனில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். வாரத்தில் நாலு நாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடு, கடைசியில் நூறு மீட்டர் ஆறு முறை கொஞ்சம் வேகமாக. அது போதும், படிப்புக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் கிரவுண்டில் 800 மீட்டர் 1:52 ஓடுகிறேன். மாவட்ட மீட்டில் 2:01-தான் வருகிறது. டென்ஷன்தான் காரணமா? (பிளஸ் ஒன் மாணவர், ஆத்தூர்)

பதில்: தம்பி, டென்ஷனைக் குறை சொல்வதற்கு முன்னால் கிரவுண்டை அளந்து பார். இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் வந்தான், இதே 1:52. அவன் ஊருக்குப் போய், பி.டி. சாரும் நானும் ஐம்பது மீட்டர் டேப்பைப் பிடித்து, உள்கோட்டிலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி ஆணி அடித்து ஆணி அடித்துச் சுற்றிலும் அளந்தோம். கட்டை இல்லாத, சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட டிராக்கை அப்படித்தான் அளக்க வேண்டும், கோட்டின் மேலேயே அளந்தால் தப்பு. 372 மீட்டர் வந்தது. அதாவது இரண்டு சுற்றுக்கு 744. அந்த வேகத்தில் முழு 800 ஓடினால் இரண்டு நிமிடத்துக்கு மேலே போகிறது, அவன் மீட்டில் ஓடிய நேரமும் அதுதான். பையன் முகம் வாடிவிட்டது. நான் சொன்னேன், நீ மீட்டுக்கு வந்து மெதுவாகிறவன் இல்லை, எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி ஓடுகிறவன், அது நல்ல செய்திதானே என்று. உனக்கும் அதுவே. கல்லூரிக்கு எழுதும்போது மீட் டைமிங்கை மட்டும் எழுது. 2:01-க்குப் பிளஸ் ஒன்னில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், 1:52 என்று சொல்லிவிட்டு செலக்‌ஷனில் 2:01 ஓடினால்தான் சங்கடம்.

கேள்வி: என் மகன் 400 மீட்டர் ஓடுகிறான். ஒரு சங்கத்துக்காரர் வந்து, நேபாளத்தில் சர்வதேசப் போட்டி, போக வர எல்லாம் சேர்த்து முப்பத்தைந்தாயிரம் கட்டினால் இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட் கிடைக்கும், நல்ல கல்லூரியில் சீட் உறுதி என்கிறார். கட்டலாமா? (ஒரு தந்தை, தருமபுரி)

பதில்: கட்டாதீர்கள் ஐயா. இந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டிய அப்பாக்கள் சர்டிஃபிகேட் சரிபார்ப்பு மேசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று ஒரு சான்றிதழ், மேலே பூகோள உருண்டைப் படம், இரண்டு நாட்டுக் கொடி. மேசையில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். அதற்கடுத்து அந்த அப்பா என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

தடகளத்துக்கு இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு இந்தியத் தடகள சம்மேளனம், அதன் கீழே மாநிலச் சங்கம், அதன் கீழே மாவட்டச் சங்கம். பள்ளிப் பக்கம் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம். இந்த இரண்டு வரிசையிலும் வராத, அரசு நடத்தும் போட்டியிலும் வாங்காத சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் காகிதம்தான். வெளிநாட்டில் இந்தியாவுக்காக ஓட வேண்டும் என்றால் சம்மேளனம் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கும். பணம் கட்டினால் தேர்வு என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற உண்மையான சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு அதில் கையெழுத்தோ சீலோ வாங்க முடியாது, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் வையுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் இருக்கிறதா என்று வாங்கிய அன்றைக்கே பாருங்கள். அன்றைக்குத் திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஒரு வருடம் கழித்து என்றால் அந்தச் செயலாளர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் ஹைஸ்கூலில் பதினொன்றாவது, 1600 மீட்டர் 4:31, 3200 மீட்டர் 9:52. யுனிவர்சிட்டி டீமில் ஓட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எந்தக் கோச்சும் இதுவரை அவனுக்கு மெயில் அனுப்பவில்லை. ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? படிப்பு கெட்டுப்போகும் என்று அவன் அப்பா சொல்கிறார். நமக்கு இதெல்லாம் பழக்கமில்லாத விஷயம், விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, என் தங்கை பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே இந்த வழியில் போனவர்கள், அதனால் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மெயில் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ., அது கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. அதன் முதல் பிரிவில் இருக்கும் கல்லூரிகளின் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் பிள்ளைகளோடு பேசலாம் என்று விதி. அது உங்கள் மகனுக்குத் தாண்டிவிட்டது, ஆனால் அவர்களாகத் தேடி எழுதுவது மாநிலத்திலேயே முதல் வரிசையில் இருக்கிற சில பிள்ளைகளுக்குத்தான். மற்றவர்கள் தாங்களே எழுத வேண்டும். எழுதுவது நீங்கள் இல்லை, பையன். அம்மா எழுதிய மெயில் அங்கே எடுபடாது. எந்த மீட், எந்தத் தேதி, என்ன டைமிங், ஒன்பதாவதிலிருந்து அது எப்படிக் குறைந்து வந்தது, படிப்பில் ஜி.பி.ஏ. எவ்வளவு, பள்ளிக் கோச்சின் தொடர்பு விவரம். பத்து வரிக்குள். இருபது கல்லூரிக்கு எழுதினால் ஐந்தாறு பதில் வரும்.

4:31 என்பது நல்ல நேரம்தான். கல்லூரியில் 1600 கிடையாது, 1500 ஓடுவார்கள், அதற்கு மாற்றினால் ஏறக்குறைய 4:12. முதல் பிரிவில் இருக்கிற பெரிய பெயர் டீம்களுக்கு இது போதாது, அதை மறைத்துப் பயனில்லை. எந்த டீமுக்குப் பொருந்தும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: அந்தக் கல்லூரி ஓடுகிற கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுத்து, எட்டாவது இடத்துக்கு என்ன டைமிங் என்று பாருங்கள். எட்டு இடம் வரைக்கும்தான் அங்கே புள்ளி. மகன் இரண்டு மூன்று வருடத்தில் அந்த எட்டாவது இடத்தைத் தொடுவான் என்று கோச்சுக்குத் தோன்றினால் அவன் வேண்டப்பட்டவன்.

பணத்துக்கு வருவோம். ஓட்டத்துக்காக முழு ஸ்காலர்ஷிப் என்பது ரொம்பக் குறைவு. ரொம்ப நாளாக முதல் பிரிவில் ஆண்கள் டிராக், கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு பள்ளத்தில் ஓடும் நீண்ட ஓட்டம்) இரண்டுக்கும் சேர்த்தே ஒரு கல்லூரிக்கு 12.6 ஸ்காலர்ஷிப்தான், பெண்களுக்கு 18, அதைத்தான் டீமில் இருக்கிற எல்லாருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அதற்குப் பதில் டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வந்துவிட்டது: டிராக்கில் 45, கிராஸ் கன்ட்ரியில் 17. பணம் கூடலாம், இடம் சுருங்கிவிட்டது. முன்னெல்லாம் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சும்மா டீமில் சேர்ந்து, ஓடி ஓடி முன்னுக்கு வந்த பையன்களுக்கு இப்போது பெரிய டீம்களில் கதவு குறுகியிருக்கிறது, அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் பிரிவைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அங்கே ஓட்டத்துக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் உதவித்தொகை உண்டு. அவன் அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள்: எம்.ஐ.டி. மூன்றாம் பிரிவில் ஓடுகிற கல்லூரி. 2022-ல் அந்தப் பிரிவின் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி சாம்பியன் அவர்கள்தான். படிப்பு கெடுகிற இடமா அது?

முதல் இரண்டு பிரிவுக்கும் தகுதி வேண்டும் என்றால் ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் மாதிரி அடிப்படைப் பாடங்கள்) முடித்திருக்க வேண்டும், முதல் பிரிவுக்கு அதில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ., அந்தப் பதினாறில் பத்து பாடம் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை இந்த வாரமே பள்ளிக் கவுன்சிலரிடம் உட்கார்ந்து சரிபாருங்கள், பன்னிரண்டாவதில் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது புதுக்கோட்டைப் பெண்ணுக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். அங்கே இன்னும் சுலபம், காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பையனின் ஒவ்வொரு ஓட்டமும் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் அந்த டீமில் சேர்ந்தவர்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் நாலாம் வருடம் வரை இருந்தார்கள், சேர்ந்தபோது 4:10 ஓடியவன் முடிக்கும்போது என்ன ஓடினான் என்று பையனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஹைஸ்கூலில் ஐந்து கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஓடியவனைக் கல்லூரியில் எட்டு கிலோமீட்டர் ஓட வைக்கிறார்கள், பயிற்சி தூரமும் கூடுகிறது, அந்த ஏற்றத்தைப் பொறுமையாகக் கொண்டுபோகிற கோச் யார், முதல் வருடமே பிழிந்துவிடுகிற கோச் யார் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

கேள்வி: மகள் பத்தாவது முடித்து பிளஸ் ஒன். 3000 மீட்டர் ஓடுகிறாள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று யாரோ சொல்லி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சியில் தலை சுற்றுகிறது என்கிறாள். ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று கோச் சொல்கிறார். (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: அப்படித்தான் இருக்கும் என்பது தப்பு. தயவுசெய்து இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், மகப்பேறு மருத்துவரிடம் போவதற்குக் கூச்சப்பட வேண்டாம். மூன்று மாதம் தள்ளிப்போனாலே காட்ட வேண்டும், நீங்கள் நாலு மாதம் என்கிறீர்கள். ஓடச் செலவாகிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும், முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. அதோடு எலும்பு பலம் குறைகிறது, பத்தொன்பது இருபது வயதில் ஓடும்போது எலும்பில் விரிசல் விழுவது பல சமயம் இப்படி வந்ததுதான், முதல் கேள்வியில் சொன்னேனே அந்தப் பெண்ணுக்கும் இதேதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், சில பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சத்தின் இருப்பு வற்றிப்போயிருக்கும். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறார்கள், உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள்.

ராத்திரிச் சாப்பாடு இன்றைக்கே திரும்ப வர வேண்டும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் கையில் ஏதாவது: வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம், அவித்த முட்டை, எது வீட்டில் இருக்கிறதோ அது. கம்பு, முருங்கைக்கீரை, சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரல். கூடவே எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை போட்டி வேண்டாம். ஒரு சீசன் போகட்டும், அவளுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. அந்தக் கோச்சிடம் சண்டை போடச் சொல்லவில்லை, ஆனால் டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதைப் படித்த பிறகும் அவர் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னால் வேறு கோச்சைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஓடுகிறேன், மாவட்டத்தைத் தாண்டியதில்லை. 1500 மீட்டர் 4:28. ஒரு மெடலும் இல்லை. கல்லூரியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? ஓடாமல் என்னால் இருக்க முடியாது. (பிளஸ் டூ மாணவர், பரமக்குடி)

பதில்: தம்பி, உன் கடைசி வரிக்காகத்தான் இதைக் கடைசியில் வைத்தேன். கோட்டாவில் சீட் கிடைக்காது, அதை எதிர்பார்க்காதே. உன் மார்க்குக்குக் கிடைக்கிற கல்லூரியில் சேர். சேர்ந்த முதல் வாரமே கிரவுண்டுக்குப் போய் பி.டி. சாரைப் பார்த்து, சார், ஸ்டீப்பிள்சேஸ் ஓடுகிறேன் என்று சொல்.

அவர் நிமிர்ந்து பார்ப்பார். நிறையக் கல்லூரிகளில் அந்த ஈவென்ட்டுக்கு ஆளே இருக்காது. 100, 200 ஓட முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள், 3000 மீட்டரில் 28 தடையும் 7 தண்ணீர்த் தாவலும் தாண்ட யாரும் முன்வர மாட்டார்கள். என் அனுபவத்தில் மெடலே இல்லாமல் வந்து பல்கலைக்கழக டீம் வரைக்கும் போன பிள்ளைகளில் பாதிப் பேர் ஸ்டீப்பிள்சேஸ், 10,000, நடைப் போட்டி இந்த மூன்றில் ஒன்றில்தான் போனார்கள். அவினாஷ் சாப்ளே பிளஸ் டூ முடித்து ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஸ்டீப்பிள்சேஸ் பக்கமே வந்தார், 2022 காமன்வெல்த்தில் வெள்ளி, 2024-ல் பாரிஸ் டயமண்ட் லீக் போட்டியில் 8:09.91 ஓடி இந்தியச் சாதனை. பல்கலைக்கழகப் போட்டிக்கு 25 வயது வரை ஓடலாம், உனக்குப் பதினேழு.

ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், அது ஹர்டில்ஸ் மாதிரி விழாது, மோதினால் நீதான் விழுவாய். அதனால் இப்போதே அதன் மேல் பாயாதே. வீட்டுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு மூங்கிலை வை, முழங்கால் உயரம். இடது காலிலும் வலது காலிலும் மாற்றி மாற்றித் தாண்டப் பழகு, முக்கால்வாசிப் பேருக்கு ஒரு கால்தான் வரும், களைத்துப்போன கடைசிச் சுற்றில் அந்தக் கால் தடைக்கு நேராக வராமல் போகும்போது தடுமாறுவார்கள். வாரம் இரண்டு நாள், பத்து தடவை. பரீட்சை முடிந்ததும் மூங்கிலை ஒரு செங்கல் உயர்த்து. ஜூனில் கல்லூரி எது என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுது, அங்கே யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.